பிரெட் மெஷினும் திருச்சி வெயிலும்

மே மாதத் திருச்சியில் பிரெட் மெஷினில் மாவைப் போட்டு, பட்டனைத் தட்டிவிட்டு, நிம்மதியாகக் கடைவீதிக்குப் போய்வர முடியாது. போய்வந்து மூடியைத் திறந்தால் புளித்த வாடை மூக்கில் அடிக்கும். பிரெட்டின் மேல்பக்கம் நடுவில் குழிந்து, ஓரங்கள் சுருங்கி, வெட்டினால் மேலே பெரிய பெரிய ஓட்டையும் அடியில் பிசுபிசுப்புமாக இருக்கும். அதே மைதாவை, அதே அளவில், டிசம்பரில் போட்டு அதே பட்டனைத் தட்டினால் நன்றாக உப்பி, பொன்னிறமாக வந்து நிற்கும். மெஷினில் கோளாறு எதுவும் இல்லை. அதற்கு மணி பார்க்கத் தெரியும், வெயில் பார்க்கத் தெரியாது.

இந்த மெஷின் அண்ணி சிங்கப்பூரில் வைத்திருந்தது. அங்கும் 230 வோல்ட்தான், அதனால் மின்சாரத்தில் சிக்கல் இல்லை. பிளக்கின் கால்கள்தான் பட்டையாக இருக்கும், ஒரு அடாப்டர் போதும். "ரைஸ் குக்கர் மாதிரிதான், போட்டுட்டு மறந்துடலாம்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பேச்சில் அவருக்கே தெரியாத ஓர் உண்மை இருந்தது, அதற்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் வீட்டில் பிரெட் என்பது காய்ச்சல்காரர் சாப்பாடு. ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் ஒரு பாக்கெட் பிரெட், நாலு ஆரஞ்சு. வாயெல்லாம் கசந்து கிடக்கும்போது சூடான பாலில் தோய்த்து ஊட்டுவது. உடம்பு நன்றாக இருக்கிறவர் காலையில் பிரெட் சாப்பிட்டால் அன்றைக்கு வீட்டில் மாவு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மெஷினிலிருந்து முதன்முதலாக வாசனை கிளம்பிக் கூடம் வரைக்கும் போனபோது அத்தை எட்டிப் பார்த்து, "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றுதான் கேட்டார்.

மெஷினைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒட்டாத பூச்சு போட்ட ஓர் அலுமினிய வாளி. அதன் அடியில் கழற்றி மாட்டக்கூடிய சின்ன பிளேடு. அதைச் சுற்றும் மோட்டார் கீழே, வாளியைச் சுற்றி ஒரு ஹீட்டர் கம்பி. மாவு, தண்ணீர், உப்பு, சர்க்கரை, ஈஸ்ட், வெண்ணெய் எல்லாவற்றையும் போட்டால் பிசைந்து, புளிக்க வைத்து, கொஞ்சம் அமுக்கி, மறுபடி எழும்ப விட்டு, சுட்டும் கொடுத்துவிடும். சாதாரண பிரெட்டுக்கு மூன்று மணி நேரத்திலிருந்து நாலு மணி நேரம் வரை ஆகும். பிளேடு நின்ற இடத்தில் அடியில் ஒரு ஓட்டை விழும். வாளியின் வடிவத்தால் பிரெட் உயரமாக, நின்ற வாக்கில் இருக்கும். இதெல்லாம் பழகிவிடும்.

ரைஸ் குக்கர் விஷயம். வீட்டு பிரெட் மெஷின் உலகெங்கும் பரவக் காரணமாக இருந்தவற்றில் முக்கியமானது, ஒசாகாவின் மாட்சுஷிதா நிறுவனம் 1987-இல் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஹோம் பேக்கரி'. அந்த நிறுவனத்தின் இன்றைய பெயர் பானாசோனிக். 1984-இல் அங்கே மூன்று பிரிவுகளை ஒன்றாக்கினார்கள். ஒன்று ரைஸ் குக்கர் செய்கிற பிரிவு, இன்னொன்று டோஸ்டர், ஹாட் பிளேட் செய்கிற பிரிவு, மூன்றாவது மிக்ஸி போல மோட்டார் வைத்த சாமான்கள் செய்கிற பிரிவு. சேர்த்தாயிற்று, சரி, மூன்று பேரும் கூடி என்ன செய்வது? கம்ப்யூட்டரால் அடங்கி நடக்கும் சூடு ரைஸ் குக்கர்காரர்களுக்குத் தெரியும், சுடுவது டோஸ்டர்காரர்களுக்குத் தெரியும், சுற்றுவது மிக்ஸிக்காரர்களுக்குத் தெரியும். மூன்றும் சேர்ந்தால் பிரெட் மெஷின். அண்ணி சொன்னது வம்சாவளிப்படியே சரி.

ஆனால் முதலில் செய்து பார்த்த மெஷினில் பிரெட் வரவில்லை. மேல்தோல் கருகியது, உள்ளே வேகவில்லை. கையால் பிசைந்த மாவையும் மெஷின் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அதிலும் ஒன்றும் பிடிபடவில்லை. அந்தக் குழுவில் மென்பொருள் வேலை பார்த்த இகுகோ தனாகா என்ற பெண், ஒசாகாவில் நல்ல பிரெட்டுக்குப் பெயர்போன ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை பேக்கரிடம் போய் வேலை கற்றுக்கொள்ளத் தொடங்கினார். பக்கத்தில் நின்று அவர் செய்கிற மாதிரியே செய்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அந்த பேக்கர் மாவை இழுக்க மட்டும் இல்லை, இழுக்கும்போதே ஒரு முறுக்கும் முறுக்கினார். அது தனக்குத் தெரிந்த நுணுக்கம் என்று அவர் சொல்லியிருக்க மாட்டார், கை அதுபாட்டுக்குச் செய்திருக்கும். அந்த முறுக்கை மெஷினுக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று பொறியாளர்களோடு உட்கார்ந்து யோசித்து, வாளியின் உட்சுவரில் மேடான வரம்புகள் வைத்தார்கள். பிளேடு சுற்றும்போது மாவு அந்த வரம்பில் தட்டி நின்று முறுக்கிக்கொள்ளும். முதல் ஆண்டிலேயே ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றது.

மேலாண்மை படித்தவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும், பாடமாகவே வைத்திருக்கிறார்கள். தொழிலாளியின் கையில் இருக்கும் சொல்ல முடியாத அறிவைக் கம்பெனி எப்படிக் கைப்பற்றியது என்பதற்கு உதாரணம். அந்தப் பாடங்களில் ஒரு வரியில் கடந்துபோகும் இன்னொரு விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆரம்பத்தில் அந்த மெஷினுக்குள் மாவைக் குளிர வைக்க ஒரு கூலர் வைத்திருந்தார்கள். ஒசாகா கோடையும் லேசுப்பட்டதில்லை, மாவு அளவுக்கு மீறிப் புளித்துப் போய்விடும். ஆனால் கூலர் வைத்தால் நினைத்த விலைக்குள் மெஷினைக் கொண்டுவர முடியாது. அதனால் கூலரை எடுத்துவிட்டு, ஈஸ்ட்டைத் தொடக்கத்தில் போடாமல் பிசைந்து முடிகிற நேரத்தில் போடுவது என்று முடிவெடுத்தார்கள். ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் பேக்கர்கள் கையாண்ட பழைய வழிதானாம் அது. பானாசோனிக் மெஷின்கள் பலவற்றின் மூடியில் ஈஸ்ட்டுக்கென்று தனியாக ஒரு சின்னப் பெட்டி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

என்னுடையதில் அந்தப் பெட்டி கிடையாது. வேறு கம்பெனி, விலை குறைந்தது. வரம்பை வைத்தார்கள், பெட்டியை வைக்கவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டு, பட்டனை அழுத்து, அவ்வளவுதான் அதன் கையேடு சொல்வது. வெயில் பிரச்சினை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஈஸ்ட்டுக்கு 30 டிகிரிக்கு மேல் போனால் கொண்டாட்டம். மாவின் சூடு எட்டுப் பத்து டிகிரி ஏறினால் புளிக்கும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பேக்கரித் தொழிலில் பிசைந்து முடித்த மாவு 24-இலிருந்து 26 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ச் சமையலறை ஏப்ரல் பிறந்துவிட்டால் இரவிலேயே 30-ஐத் தாண்டி நிற்கும். இதில் மெஷின் வேறு இருபது, இருபத்தைந்து நிமிடம் பிசையும்போது உரசலால் மாவைச் சூடாக்கும். அடியில் மோட்டார் சூடு. அப்புறம் புளிக்க வைக்கும் கட்டம் வந்ததும், பாவம், குளிரில் நடுங்கும் மாவுக்கு இதமாக இருக்கட்டும் என்று சில மெஷின்கள் ஹீட்டரையும் அவ்வப்போது போடும். ஒரு மணி நேரம் எழும்ப வேண்டியது அரை மணி நேரத்தில் எழும்பி முடித்துவிடும். மெஷின் மீதி அரை மணி நேரமும் காத்திருக்கும். சுடத் தொடங்கும்போது மாவுக்குத் தம் இருக்காது, உட்கார்ந்துவிடும்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வெளிநாட்டு பேக்கரிப் பள்ளிகளில் முதலில் சொல்லிக்கொடுப்பது, ஆனால் நம் ஊருக்குத்தான் அதிகம் தேவை. மாவு எத்தனை டிகிரியில் வர வேண்டுமோ அதை மூன்றால் பெருக்குங்கள். அதிலிருந்து அறையின் சூடு, மைதாவின் சூடு, பிசையும்போது ஏறும் சூடு மூன்றையும் கழியுங்கள். மிச்சம் வருவது தண்ணீர் எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும் என்பது. 26 டிகிரி மாவு வேண்டும், ஆக 78. மே மாதத்தில் எங்கள் அறை 35, டப்பாவில் இருக்கும் மைதா 33, மெஷின் பிசைவதற்கு ஒரு 9. மொத்தம் 77. தண்ணீருக்கு மிஞ்சுவது 1 டிகிரி! கையால் பிசைந்தால் உரசல் குறைவு, 3 என்று வைத்துக்கொண்டால் 7 டிகிரித் தண்ணீர் போதும். டிசம்பரில் அறை 26, மைதா 25 என்றால் 18 டிகிரி வரும், ஃபிரிட்ஜ் தண்ணீரில் பாதி, குழாய்த் தண்ணீரில் பாதி கலந்துகொள்ளலாம்.

குளிர்நாட்டுச் செய்முறைகளில் "வெதுவெதுப்பான தண்ணீர்" என்று இருப்பதை அப்படியே தமிழில் எழுதிவைத்திருப்பவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. அங்கே சமையலறை 18 டிகிரி, அவர்களுக்கு அது வேண்டும். ஆக்டிவ் டிரை ஈஸ்ட் என்றால் வெதுவெதுப்பான நீரில் கரைத்து உயிர்ப்பிக்க வேண்டும், அதற்குக் கால் டம்ளர் போதும். மணல் போலப் பொடியாக இருக்கும் இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டுக்கு அதுவும் வேண்டாம், நேராக மைதாவோடு கலந்துவிடலாம். மீதித் தண்ணீரெல்லாம் எதற்குச் சூடாக இருக்க வேண்டும்? இட்லி மாவை மே மாதத்தில் எத்தனை மணிக்கு ஃபிரிட்ஜுக்குள் தள்ள வேண்டும் என்று நமக்கு யாரும் கையேடு எழுதித் தரவில்லை. வாசனையிலேயே தெரியும். அந்த மூக்கை பிரெட் மாவிடம் மட்டும் ஏன் மூடிக்கொள்கிறோம் என்று தெரியவில்லை.

1 டிகிரித் தண்ணீருக்கு ஐஸ்தான் வழி. தண்ணீரும் ஐஸும் சேர்த்து 250 கிராம் வருகிற மாதிரி தராசில் வைத்துக்கொள்ளலாம். ஐஸ் உருகும்போதே ஏகப்பட்ட சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பதால் கால் பங்கு ஐஸ் போதும், பாதிக்குப் பாதி போட்டால் மாவு எழும்பவே அடம்பிடிக்கும். ஒன்று கவனிக்க வேண்டும்: உலர்ந்த ஈஸ்ட் ஐஸ் தண்ணீரில் நேராக விழக் கூடாது. நனையும் முதல் நிமிடத்தில் அவ்வளவு குளிர் பட்டால் அதில் ஒரு பகுதி செத்துப்போகும். இதனாலும் ஈஸ்ட்டைப் பிறகு போடுவதே நல்லது.

ஐஸ் போட்டு ஒரு பாதி தீர்ந்தது. மறு பாதி எங்கள் தெருமுனை பரோட்டாக் கடையில் தீர்ந்தது.

வெளிநாட்டில் பிரெட்டுக்கென்று விற்கும் மாவில் புரதம் 12, 13 சதவீதம் இருக்கும். நம் மளிகைக் கடை மைதா பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள், 100 கிராமுக்கு 10, 11 என்றுதான் போட்டிருக்கும். இதை வைத்து பிரெட்டே வராது என்று சிலர் சாதிக்கிறார்கள். அப்படியானால் அதே மைதாவைக் கல்லில் வீசிக் கண்ணாடி மாதிரி விரிக்கிறாரே ஒருவர், அது எப்படி?

கடையில் கூட்டம் சேராத சாயங்கால நேரத்தில் போய் நின்று பார்த்தேன். மத்தியானமே பிசைந்த மாவு. உருண்டைகளாகப் பிடித்து, எண்ணெயில் முக்கி, ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்தார். ஓர் உருண்டையை எடுத்துக் கல்லில் தட்டினார். உள்ளங்கையால் தேய்த்து விரித்து, இரண்டு ஓரத்தையும் பிடித்து வீசிப் போட்டார். மாவு படர்ந்து விழுந்தபோது அதனடியில் கல்லின் கறுப்பு தெரிந்தது. ஓரத்தில் ஒரு சின்னக் கிழிசல் கூட இல்லை. நான் பிசைந்து கொண்டுபோயிருந்த மாவை டப்பாவோடு நீட்டினேன். விரலால் ஒரு துண்டு கிள்ளி, டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து இழுத்தார். பாதியிலேயே பிய்ந்தது. "நல்லா அடிச்சுத்தான் பிசைஞ்சிருக்கீங்கக்கா, ஊற விடல" என்றார். "ரொம்பப் பிசையணும்னே இல்ல. தண்ணி காட்டிட்டு வச்சிருங்க. ஊறுனா அதுவே இழுவைக்கு வந்துரும்."

அப்புறம் கிளம்பும்போது, "மூட்டை மாறுனா தண்ணி மாறும், அளவ நம்பாதீங்க" என்றும் சொல்லி அனுப்பினார். நான் படித்த எல்லாச் செய்முறைகளையும் விட உருப்படியான வாக்கியம் அது.

அவர் சொன்னதன் பின்னால் இருக்கும் காரணம் இதுதான். கோதுமையில் கிளியாடின், குளூட்டனின் என்று இரண்டு புரதங்கள். தண்ணீர் பட்டதும் இரண்டும் சேர்ந்து குளூட்டன் ஆகும். கிளியாடின் விரிய வைக்கும், குளூட்டனின் மீண்டு வர வைக்கும். ஈஸ்ட் விடும் காற்றை அந்தச் சவ்வு பிடித்து வைத்துக்கொள்வதால்தான் பிரெட் எழும்புகிறது. பிசைவது இந்த வேலையை வேகப்படுத்துகிறது, ஆனால் தண்ணீரும் நேரமும் கிடைத்தால் பெரும்பகுதி தானாகவே நடந்துவிடும். பிரான்ஸில் ரேமோன் கால்வெல் என்ற பேக்கரிப் பேராசிரியர் 1974-இல் இதையே முறையாகச் சொன்னார். மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து இருபது முப்பது நிமிடம் சும்மா விடுவது, உப்பும் ஈஸ்ட்டும் பிறகு. இதற்கு அவர் வைத்த பெயர் ஆட்டோலிஸ். பிரெட் செய்கிறவர்கள் எல்லோரும் இன்று அந்தப் பெயரை மந்திரம் போலச் சொல்கிறார்கள். விருதுநகரிலும் மதுரையிலும் மாவு ஊற வைக்கிறவர்களுக்குப் பெயர் வைக்கத் தோன்றவில்லை, அடுத்த ஆர்டர் காத்துக்கொண்டிருந்திருக்கும்.

எனக்கு இதில் கிடைத்த லாபம் வேறு. மாவு ஊறியிருந்தால் மெஷின் இருபத்தைந்து நிமிடம் பிசைய வேண்டாம், பத்துப் பன்னிரண்டு போதும். பிசைவது குறைந்தால் உரசல் சூடு குறையும். ஊறுவதை ஃபிரிட்ஜுக்குள் வைத்தே செய்தால் குளிர்ச்சியும் இலவசம். ஐஸ் கணக்கே பாதி தேவையில்லாமல் போய்விடும்.

இப்போது நான் செய்வது இப்படி. மெஷினின் வாளியைக் கழற்றி அதிலேயே 400 கிராம் மைதா, 250 கிராம் குளிர்ந்த தண்ணீர். கரண்டியால் உலர்ந்த மாவு தெரியாத அளவுக்குக் கிளறி, தட்டு போட்டு மூடி, ஃபிரிட்ஜில் முக்கால் மணி நேரம். பிறகு வாளியை மெஷினில் பொருத்தி, மாவு மட்டும் பிசையும் பட்டன். மூடியைத் திறந்தே வைக்கிறேன், சூடு வெளியேறட்டும் என்று. இரண்டு நிமிடம் சுற்றியதும் 8 கிராம் உப்பும் 20 கிராம் சர்க்கரையும். இன்னும் நாலு நிமிடம் கழித்து ஈஸ்ட்டைத் தூவுகிறேன், டிசம்பரில் 4 கிராம், மே மாதத்தில் 2 கிராம். கடைசியில் 20 கிராம் வெண்ணெய். வெண்ணெய் போட்டதும் மாவு வழுக்கி வாளிக்குள் அங்குமிங்கும் சறுக்கும், கெட்டுவிட்டதோ என்று தோன்றும், ஒன்றும் ஆகாது, இரண்டு நிமிடத்தில் இழுத்துக்கொள்ளும். ஒரு துண்டு கிள்ளி வெளிச்சத்தில் இழுத்துப் பார்த்து, சவ்வு பிய்யாமல் விரிந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். மெஷினுக்குப் பிடித்த ஒன்றரை மணி நேரத்தை அதற்குக் கொடுப்பதில்லை. மோட்டார் அதனுடையது, மணி என்னுடையது.

எழும்ப வைப்பது அகலமான எவர்சில்வர் சட்டியில். உயரமான பாத்திரத்தில் உருட்டி வைத்தால் நடுவில் சூடு தங்கிவிடும். இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைப்பதாக இருந்தால் இன்னும் அகலமாகத் தட்டி வைப்பது முக்கியம். ஃபிரிட்ஜில் வைத்த உடனே ஈஸ்ட் தூங்கிவிடாது, மாவின் நடுப்பகுதி குளிர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். காலையில் எடுத்து நீளமாகச் சுருட்டி டின்னில் வைத்து, விளிம்புக்கு ஒரு விரற்கடை மேலே வரும்வரை காத்திருந்தால் ஆயிற்று. மைதா தொட்ட விரலால் ஓரத்தில் அமுக்கினால் குழி மெதுவாகப் பாதி மேலே வர வேண்டும். சட்டென்று எழும்பினால் இன்னும் நேரம் இருக்கிறது. அப்படியே கிடந்தால் நேரம் போய்விட்டது, உடனே அடுப்பில் தள்ளுங்கள். இரவு முழுக்கக் குளிரில் புளித்த மாவில் வரும் ருசி, நாலு மணி நேரத்தில் மெஷின் முடித்துக் கொடுப்பதில் எந்தக் காலத்திலும் வராது.

கையாலேயே பிசைபவர்களுக்கும் இதே முறைதான், மெஷினுக்குப் பதில் கை. மாவு ஊறியிருந்தால் ஏழெட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மாவு கையில் ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மைதா தூவுவதுதான் வீட்டு பிரெட் கல்லாவதற்கு முதல் காரணம். கையை ஈரமாக்கிக்கொள்ளுங்கள், மைதாவைத் தொடாதீர்கள். எனக்கு வலது மணிக்கட்டில் வலி உண்டு, அதனால்தான் மெஷினை வைத்துக்கொண்டிருக்கிறேன். இல்லையென்றால் அது பரணில் இருந்திருக்கும்.

முழுக் கோதுமை மாவில் செய்யலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். செய்யலாம். ஆனால் சக்கி ஆட்டா சப்பாத்திக்காக அரைபட்டது. கல்லில் நெரிபட்டு அரைபடுவதால் அதிலிருக்கும் ஸ்டார்ச் துகள்கள் நிறைய உடைந்திருக்கும், அதனால் தண்ணீரை ஏகமாகக் குடிக்கும், சப்பாத்தி மெதுவாக வருவதும் அதனால்தான். பிரெட்டில் அதே குணம் எதிராகத் திரும்புகிறது. உடைந்த ஸ்டார்ச்சைப் புளிக்கும் நேரத்தில் நொதிகள் சர்க்கரையாக்கிவிட, வெந்த பிறகும் உள்ளே பிசுபிசுப்பாக இருக்கும். போதாததற்குத் தவிடு குளூட்டன் சவ்வை அங்கங்கே அறுக்கும். பாதி ஆட்டா, பாதி மைதா, தண்ணீர் நூற்றுக்கு எழுபது என்று வைத்தால் நல்ல பிரெட் வரும். கால் கப் தயிர் சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும், அந்த அளவுக்குத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். முழுக்க ஆட்டாதான் வேண்டும் என்றால் சப்பாத்தியே சுட்டுவிடலாம் என்பது என் கட்சி. கடையில் 'பிரவுன் பிரெட்' என்று வாங்குபவர்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தையும் ஒருமுறை படிக்கலாம், மைதா முதலில் இருக்கும், கேரமல் நிறம் கடைசியில் இருக்கும்.

அரிசி சாப்பிடுகிற நமக்கு ஒரு இடைச்செருகல். ஜப்பானில் சான்யோ நிறுவனம் 2010-இல் 'கோபான்' என்று ஒரு மெஷின் கொண்டுவந்தது. அரிசியை அப்படியே போட்டால் அதுவே ஊற வைத்து, அரைத்து, கோதுமைக் குளூட்டனும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பிசைந்து பிரெட்டாகச் சுட்டுத் தரும். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க முடியாமல் ஆர்டர் வாங்குவதையே கொஞ்ச காலம் நிறுத்த வேண்டி வந்தது. நம் ஊரில் வெட் கிரைண்டரைக் கண்டுபிடித்தவர்கள் இதை எட்டிப் பிடிக்காமல் விட்டதில் எனக்கு வருத்தம்தான்.

கடை பிரெட்டைத் திட்டுவது என் நோக்கமில்லை. தொழிற்சாலைக்கும் இதே சூட்டுப் பிரச்சினை உண்டு. இங்கிலாந்தின் சோர்லிவுட்டில் 1961-இல் உருவாக்கிய முறையில் மாவைச் சில நிமிடங்கள் மட்டும் அசுர வேகத்தில் அடிக்கிறார்கள். புளிக்க வைக்கும் மணிக்கணக்கான நேரம் மிச்சம். ஆனால் அந்த வேகத்தில் மாவு சூடேறிவிடும் என்று அங்கேயும் குளிர்ந்த தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டியிருக்கிறது. பலவீனமான மாவைத் தூக்கி நிறுத்த இந்தியாவில் பல காலம் பயன்பட்ட பொட்டாசியம் புரோமேட்டுக்கு 2016-இல் தடை வந்துவிட்டது. பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கால்சியம் புரோபியனேட் போடுவார்கள், பாக்கெட்டில் 282 என்று இருக்கும். வீட்டு பிரெட்டில் அது இல்லாததால் நம் வெயிலுக்கு மூன்றாம் நாள் பச்சை பூக்கும். அதற்காக ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியில் இருப்பதை விடச் சீக்கிரம் வறண்டு போகும், ஸ்டார்ச் அந்தக் குளிரில்தான் வேகமாக இறுகும். முழுக்க ஆறியதும் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டியபோது நேராகத் தோசைக்கல்லில் போட்டு நெய் விட்டு எடுத்தால் அன்றைக்குச் சுட்ட மாதிரியே இருக்கும். அத்தை இப்போது சாப்பிடுவது அப்படித்தான், மேலே கொஞ்சம் மிளகுப்பொடி தூவி. காய்ச்சல் எல்லாம் கிடையாது.

சுடுவதை மட்டும் பருவத்துக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்கிறேன். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஓடிஜி அவனில், 190 டிகிரியில், முப்பத்தைந்து நிமிடம். முதல் இருபது நிமிடம் கீழ்க் கம்பி மட்டும், பிறகு மேல்கம்பியும். ஓடிஜியின் திருகில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், ஒரு சின்ன அவன் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே வையுங்கள். பிரெட்டின் நடுவில் குத்திப் பார்த்தால் 93-லிருந்து 95 டிகிரி காட்ட வேண்டும். மே மாதத்தில் 1600 வாட் ஓடிஜியை ஒரு மணி நேரம் ஓட்டினால் சமையலறைக்குள் மனுஷர் நிற்க முடியாது. அப்போது உருட்டிய மாவைத் திரும்ப மெஷின் வாளியிலேயே வைத்து, பிளேடை எடுத்துவிட்டு, 'பேக்' பட்டனை மட்டும் அழுத்துகிறேன். 550 வாட்தான், சூடு வெளியே வராது, அடியில் பிளேடு ஓட்டை இருக்காது, தண்டின் தடம் மட்டும் சின்னதாக இருக்கும். கரண்ட் போகாத நேரமாகப் பார்த்து வையுங்கள். சில மெஷின்கள் பத்து நிமிடம் வரை நினைவு வைத்திருக்கும், என்னுடையது கரண்ட் போனதும் எல்லாவற்றையும் மறந்து முதலிலிருந்து பிசையக் கிளம்பும்.

புதிதாக வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: மாவு பிசையும் கொக்கியோடு மிக்சர் இருந்தால் வேண்டாம். கை நன்றாக இருந்தாலும் வேண்டாம். வாங்குவதென்றால் பிசைய மட்டும், சுட மட்டும் என்று தனித்தனிப் பட்டன் இருக்கிறதா, வாளியின் உட்சுவரில் வரம்பு இருக்கிறதா, முடிந்தால் ஈஸ்ட் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். பன்னிரண்டு வகை, பதினெட்டு வகை என்று விளம்பரத்தில் போடுவதில் ஜாம் செய்யும் பட்டன் வரைக்கும் இருக்கும், யாரும் தொடுவதில்லை. உதிரி பிளேடு ஒன்றும் சேர்த்தே வாங்கிவிடுங்கள், பாத்திரம் தேய்க்கிற இடத்தில் முதலில் காணாமல் போவது அதுதான்.